வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? எண்ணிக்கை புள்ளியாக மாறும் வழி

திருகோணமலை நகரின் பெயர்பெற்ற பாடசாலைகளில் ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருப்பது வழமையான காட்சி. வெருகல், ஈச்சிலம்பற்று, குச்சவெளிக்கு உள்ளே உள்ள கிராமங்கள் என்று போனால், ஒரு தரத்தில் பதினைந்து பிள்ளைகள்கூடத் தேறாத பாடசாலைகள் உண்டு. க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும்போது முன்னுக்கு நிற்பவை பெரும்பாலும் அந்த நெரிசலான நகர வகுப்புகள்தான். இதைப் பார்க்கும் பெற்றோர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: எத்தனை பேர் இருந்தால் என்ன, படிக்கிற பிள்ளை எங்கேயும் படிக்கும்.

அந்த முடிவு பிழை. பிழை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதிலேயே இந்த விஷயத்தின் பாதி விளங்கிவிடும்.

நகர வகுப்பு நெரிசலாவதற்குக் காரணம், அந்தப் பாடசாலையைப் பலர் தேடிப் போவது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகள் தரம் 6இல் அங்கே சேருகிறார்கள். வீட்டில் படிப்பைக் கவனிக்க ஆளும் வசதியும் உள்ள பிள்ளைகள் கூடுதலாகப் போய்ச் சேர்வதும் அங்கேதான். கிராமத்து வகுப்பு சிறிதானதற்குக் காரணம் வேறு. இயன்றவர்கள் வெளியேறிவிட்டார்கள், போரில் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். சம்பூர்ப் பக்கம் நடந்ததை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆகவே நாற்பது பேர் வகுப்பையும் பன்னிரண்டு பேர் வகுப்பையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால், நாம் அளப்பது வகுப்பின் அளவை அல்ல. யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைத்தான்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஆய்வாளர்கள் இரண்டு வழிகளைக் கையாண்டார்கள். முதலாவது, சீட்டுக் குலுக்கல். அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய 'ஸ்டார்' என்ற பரிசோதனையில், 79 பாடசாலைகளில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரிக்கப்பட்டார்கள். சில வகுப்புகளில் 13 முதல் 17 பேர். மற்றவற்றில் 22 முதல் 25 பேர். நான்கு ஆண்டுகளில் 11,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இதில் பங்குபற்றினார்கள். சிறிய வகுப்பில் இருந்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கும் பிள்ளை ஏறத்தாழ ஐந்து முதல் எட்டு இடம் வரை முன்னேறும் அளவு அது. கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பயன் இன்னும் கூடுதல். பெரிய வகுப்புகள் சிலவற்றில் ஓர் உதவியாளரையும் நிறுத்திப் பார்த்தார்கள். அதனால் பெரிதாக எதுவும் மாறவில்லை. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்திருங்கள்.

ஆனால் ஸ்டார் நடந்தது ஆரம்ப வகுப்புகளில். பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் அது பொருந்துமா என்று கேட்டால், அதை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது.

இரண்டாவது வழி, அரசாங்க விதிகளால் தானாக உண்டாகும் பரிசோதனை. இஸ்ரேலில் ஒரு வகுப்பின் உச்ச வரம்பு நாற்பதாக இருந்தது. 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் எழுதிவைத்த பழைய ஒழுங்கு ஒன்றிலிருந்து வந்த வரம்பு அது. ஒரு தரத்தில் 40 பிள்ளைகள் இருந்தால் ஒரே வகுப்பு. 41ஆவது பிள்ளை வந்து சேர்ந்தால் 20 பேருக்கும் 21 பேருக்குமாக இரண்டு வகுப்புகள். அந்த ஒரு பிள்ளையின் வருகையில் பெற்றோரின் வசதியோ பாடசாலையின் பெயரோ கலக்கவில்லை. இதைப் பயன்படுத்தி ஜோசுவா ஆங்ரிஸ்ட்டும் விக்டர் லவியும் 1999இல் வெளியிட்ட ஆய்வு, சிறிய வகுப்பில் ஐந்தாம் தரப் பிள்ளைகளின் புள்ளி உயர்வதாகக் காட்டியது. 2019இல் புதிய தரவுகளை வைத்து ஆங்ரிஸ்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதே கணக்கைத் திரும்பச் செய்தபோது அந்தப் பயன் காணாமற் போயிருந்தது. தங்கள் புகழ்பெற்ற முடிவைத் தாங்களே உரசிப் பார்த்து, வந்ததை வந்தபடி வெளியிட்ட அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்ரிஸ்ட் 2021இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மற்ற நாடுகளிலும் முடிவுகள் இரண்டு பக்கமும் விழுகின்றன. சுவீடனில் 10 முதல் 13 வயது வரை சிறிய வகுப்பில் படித்தவர்கள் 16 வயதில் கூடுதல் புள்ளி பெற்றார்கள். வளர்ந்தபின் அவர்களின் சம்பளமும் கூடுதலாக இருந்தது. பக்கத்து நோர்வேயில் கீழ்நிலை இடைநிலை வகுப்புகளை ஆராய்ந்தபோது குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தென்படவில்லை.

இரண்டும் செல்வம் உள்ள நாடுகள், அயல்நாடுகள். ஓரிடத்தில் வேலை செய்த வகுப்பளவு மற்ற இடத்தில் ஏன் வேலை செய்யவில்லை? இதற்கு விடை காண, வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். எண்ணிக்கை நேரடியாகப் புள்ளியைத் தொடுவதில்லை. இடையில் சில வழிகள் இருக்கின்றன. அவை திறந்திருந்தால் பயன் வரும், அடைபட்டிருந்தால் வராது.

முதல் வழி அமைதி. பொருளியலாளர் எட்வர்ட் லசியர் 2001இல் இதற்கு ஓர் எளிய கணக்குக் கொடுத்தார். ஒரு பிள்ளை ஏதாவதொரு கணத்தில் வகுப்பைக் குழப்பாமல் இருக்கும் நிகழ்தகவு 98 வீதம் என்று வைப்போம். மிக நல்ல பிள்ளைதான். ஆனால் பாடம் நகர வேண்டுமானால் அந்தக் கணத்தில் எல்லோரும் குழப்பாமல் இருக்க வேண்டும். ஆகவே 0.98ஐ அதனாலேயே பிள்ளைகளின் எண்ணிக்கை அளவுக்குப் பெருக்க வேண்டும். 20 பேர் வகுப்பில் விடை 67 வீதம். 40 பேர் வகுப்பில் 45 வீதம். அதாவது, நல்ல பிள்ளைகளே நிறைந்த பெரிய வகுப்பிலும் பாதிக்கு மேற்பட்ட நேரம் ஏதோ ஒரு சிறு இடையூறில் கரைகிறது. ஒருவருக்குப் பேனை இல்லை, ஒருவருக்குக் கேள்வி விளங்கவில்லை, பின்வாங்கில் ஒரு சிரிப்பு.

அதே கணக்கின் மறுபக்கம் இன்னும் முக்கியமானது. பிள்ளைகள் சற்று ஒழுங்காக இருந்து 98 என்பது 99 ஆனால், 40 பேர் வகுப்பிலும் விடை 67 வீதம். ஒழுங்குள்ள நாற்பதும் ஒழுங்கு குறைந்த இருபதும் ஒரே அளவு பாடத்தைப் பெறுகின்றன! நகரத்துப் பெரிய வகுப்பு ஏன் தாக்குப்பிடிக்கிறது என்பதற்கு இது ஒரு பகுதி விடை. தெரிவுசெய்யப்பட்டு வந்த பிள்ளைகளைக் கொண்ட வகுப்பு நெரிசலைத் தாங்கும். பல மட்டப் பிள்ளைகளும் கலந்த வகுப்பு தாங்காது.

இங்கிலாந்தில் பீற்றர் பிளாட்ச்ஃபோர்ட் குழுவினர் ஆரம்பப் பாடசாலைகளிலும் இடைநிலைப் பாடசாலைகளிலும் வகுப்புகளுக்குள் அமர்ந்து, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கணத்துக்குக் கணம் குறித்தார்கள். 2011இல் வெளிவந்த அந்த ஆய்வு, வகுப்பு பெரிதாகும்போது இடைநிலை மாணவர்களில் பாடத்தை விட்டுக் கவனம் சிதறுகிறவர்கள் முக்கியமாகப் பின்தங்கிய மாணவர்களே என்று காட்டியது. கெட்டிக்காரப் பிள்ளை முப்பத்தைந்து பேருக்கு நடுவிலும் தன்பாட்டில் கணக்குச் செய்யும். விளங்காத பிள்ளையோ ஒளிந்துகொள்ளும். பெரிய வகுப்பு ஒளிந்துகொள்ள நல்ல இடம்.

அமைதி பற்றிப் பேசும்போது வெக்கையையும் விடக்கூடாது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் மனித உடல் கிட்டத்தட்ட 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. நாற்பது பேர் என்றால் 4,000 வாட். கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, மதியத்துக்குக் கிட்டிய பாடவேளையில், இது சின்ன விஷயம் அல்ல.

இரண்டாவது வழி பின்னூட்டம். என் கணிப்பில் இடைநிலைப் பாடசாலைக்கு இதுதான் பெரிய வழி. பிள்ளை செய்த பிழையை ஆசிரியர் கண்டு, திருத்தி, அது ஏன் பிழை என்று சொல்லும் கணத்தில்தான் கணிதம் உண்மையாக ஏறுகிறது. நாம் நீண்டகாலம் பழகிய 40 நிமிடப் பாடவேளையில், வரவு பார்க்கவும் விளக்கவும் போக, மேசை மேசையாகப் போய்ப் பார்க்கப் பத்து நிமிடம் மிஞ்சுகிறது என்று வைப்போம். நாற்பது பேருக்குத் தலைக்குப் பதினைந்து வினாடி. இருபது பேருக்கு முப்பது வினாடி. இரண்டும் போதாது என்பது உண்மை. அதனால் வேலை கொப்பிக்குப் போகிறது.

இங்கே கணக்கு மாறுகிறது. ஆரம்பப் பாடசாலை ஆசிரியருக்கு ஒரு வகுப்பு. இடைநிலைப் பாடசாலை ஆசிரியருக்குப் பல வகுப்புகள். ஐந்து வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கும் ஓர் ஆசிரியரிடம், வகுப்புக்கு 40 பேர் வீதம் 200 கொப்பிகள் வரும். ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் ஒரு தடவை திருத்தப் பத்து மணித்தியாலம். வகுப்புக்கு 25 பேர் என்றால் 125 கொப்பிகள், ஆறேகால் மணித்தியாலம். பத்து மணித்தியாலம் இருக்கிற இடத்தில் என்ன நடக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்: சிவப்புப் பேனையால் ஒரு சரி, அடியில் திகதி, ஒரு கையெழுத்து. அவர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. வீடும் பிள்ளைகளும் உள்ள ஒரு ரீச்சருக்கு இரவில் அதற்கு மேல் நேரம் இல்லை.

சீனாவின் ஷங்காய் நகர வகுப்புகள் பெரியவை. அந்நகரப் பதினைந்து வயது மாணவர்கள் சர்வதேசப் பரீட்சைகளில் முதல் வரிசையில் வந்தவர்கள். 'வகுப்பளவு முக்கியமில்லை' என்று வாதிடுபவர்கள் உடனே காட்டும் ஊர் அது. ஆனால் அங்கே ஒரு கணித ஆசிரியர் பெரும்பாலும் இரண்டு வகுப்புகளையே எடுக்கிறார். மிச்ச நேரம் கொப்பி திருத்தவும், சக ஆசிரியர்களோடு பாடத்தைத் திட்டமிடவும் போகிறது. வகுப்புக்கு 45 பேர் என்றாலும் இரண்டு வகுப்புக்கு 90 கொப்பிகள்தான். நம்முடைய 'சிறிய' வகுப்புகள் ஐந்தின் 125ஐ விடக் குறைவு. ஆகவே இடைநிலைப் பாடசாலையில் ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. ஓர் ஆசிரியரின் தலையில் மொத்தம் எத்தனை பேர் என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

மூன்றாவது வழி, ஆசிரியர் தன் கற்பித்தலை மாற்றுவது. அறுபது பேருக்கு விரிவுரை சொல்லலாம். இருபது பேருக்கும் அதே விரிவுரையைச் சொல்லலாம். கரும்பலகையில் எழுதிப் பார்த்தெழுதச் சொல்வதற்கு எண்ணிக்கை ஒரு பொருட்டே அல்ல. வகுப்பைப் பாதியாக்கியும் பழையபடியே கற்பித்தால் புள்ளி உயர எந்தக் காரணமும் இல்லை. உயராத ஆய்வு முடிவுகள் பலவற்றுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். கென்யாவில் முதலாம் தர வகுப்புகளில் 80க்கும் மேல் இருந்த பிள்ளைகளை, ஒப்பந்த ஆசிரியர்களைச் சேர்த்து, ஏறத்தாழப் பாதியாக்கிப் பார்த்தார்கள். பழைய நிரந்தர ஆசிரியரிடம் தங்கிய பிள்ளைகளுக்குப் பெரிய முன்னேற்றம் இல்லை. அந்த ஆசிரியர்கள் வகுப்புக்கு வருவதும் குறைந்திருந்தது. புதிய ஆசிரியரிடம் போன பிள்ளைகள் முன்னேறினார்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கலிபோர்னியா மாநிலம் 1996இல் ஆரம்ப வகுப்புகளை 30 பேர் அளவிலிருந்து 20க்கு அவசரமாகக் குறைத்தது. திடீரென்று ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். முழுத் தகைமை இல்லாதவர்களும் உள்ளே வந்தார்கள். அதன் பாதிப்பு ஏழைகளின் பாடசாலைகளில்தான் கூடுதலாக விழுந்தது.

இப்போது நம் மாவட்டத்துக்குத் திரும்பலாம். இலங்கை அரச பாடசாலைகளில் ஏறத்தாழ 40 இலட்சம் மாணவர்களும் இரண்டரை இலட்சம் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். வகுத்தால் ஓர் ஆசிரியருக்குப் பதினாறு பேர். பணக்கார நாடுகளுக்கு ஈடான விகிதம். பிறகு நாற்பது பேர் வகுப்பு எங்கிருந்து வருகிறது? சாதாரண தரத்துக்கு ஒரு பிள்ளை ஒன்பது பாடங்கள் எடுக்கிறது. பன்னிரண்டு பேர் வகுப்பானாலும் கணிதத்துக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர் என்று வேண்டும். மாணவர் சிதறிக்கிடக்கும் பாடசாலைகள் இந்த விகிதத்தைக் கீழே இழுக்கின்றன. ஆனால் அங்கேயே ஆங்கில ஆசிரியர் இல்லை, விஞ்ஞானத்துக்கு வேறு பாட ஆசிரியர் நிற்கிறார் என்ற நிலையும் இருக்கும். பன்னிரண்டு பேர் மட்டும் உள்ள அமைதியான வகுப்பு. கொப்பியைத் திருத்தத் தெரிந்தவர் இல்லை. மூன்று வழிகளில் ஒன்று மட்டும் திறந்திருக்கிறது. கஷ்டப் பிரதேசப் பாடசாலையின் பெறுபேறு குறைவதைக் காட்டி, சிறிய வகுப்பால் பயனில்லை என்று சொல்வது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

ரியூஷன் வகுப்பு இந்தப் படத்தை மேலும் கலக்குகிறது. நாற்பது பேர் வகுப்பில் விளங்காத பிள்ளை, பின்னேரம் நூறு பேர் அமர்ந்த கொட்டகையில் ஒலிவாங்கி வழியே அதே பாடத்தைக் கேட்கிறது. நல்ல விளக்கம் கிடைக்கலாம். அங்கே கொப்பியைப் பார்க்க யாரும் இல்லை. மீள விளக்குவதற்குக் காசு கட்டுகிறோம். பிழை திருத்துவது இரண்டு இடத்திலும் நடக்காமல் போகிறது.

எல்லா வகுப்புகளையும் இருபத்தைந்துக்குக் குறைக்கும் பணம் நாட்டிடம் இல்லை. வேண்டியதும் அதுவல்ல. ஒரு பாடசாலைக்கு மேலதிகமாக ஒரு கணித ஆசிரியர் கிடைத்தால் அவரை எங்கே நிறுத்துவது என்பதே அதிபர் முன் உள்ள கேள்வி. என் பதில்: தரம் 9, 10இல், கணிதத்துக்கு மட்டும், பின்தங்கிய பிள்ளைகளுக்கு. வரலாற்றுக்கும் சமயத்துக்கும் நாற்பது பேராகவே இருக்கட்டும். கணிதப் பாடவேளையில் மட்டும் இரண்டு வகுப்புகளை மூன்றாகப் பிரித்து, அடிப்படையில் தடுமாறும் பதினைந்து பேரைத் தனியே எடுத்து, அவர்களிடம் பாடசாலையின் திறமான ஆசிரியரை அனுப்ப வேண்டும். வழமையில் அவரைச் சிறந்த பிரிவுக்குக் கொடுப்போம். அந்தப் பிரிவு அவர் இல்லாமலும் ஓரளவு சமாளிக்கும். ஸ்டார் பரிசோதனையின் உதவியாளரை நினைவில் வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான். பெரிய வகுப்பின் பின்னால் இன்னோர் ஆளை நிறுத்துவதால் அமைதியும் பெரிதாகக் கூடாது, கொப்பியும் திருத்தப்படாது. அந்த ஆளுக்குத் தனி அறையும் தனிப் பிள்ளைகளும் வேண்டும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் கேட்பதும் மாறலாம். வகுப்பில் எத்தனை பேர் என்பதோடு இன்னும் இரண்டு கேள்விகள்: என் பிள்ளையின் கணித ஆசிரியரிடம் மொத்தம் எத்தனை பிள்ளைகள்? பிழைகள் குறிக்கப்பட்ட கொப்பி மாதத்தில் எத்தனை தடவை பிள்ளையின் கைக்குத் திரும்பி வருகிறது?