நியூயார்க் ஆசிரியர் மதிப்பீட்டு விதி: 20 மதிப்பெண் கிளப்பிய பிரச்சினை

நியூயார்க் மாநில அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் மதிப்பெண் போடும் விதி 2010-இல் சட்டமானது. ‘ரேஸ் டு த டாப்’ என்ற பெயரில் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு நடத்திய நிதிப் போட்டியில் வெல்ல வேண்டும் என்பதே உடனடிக் காரணம். அவ்வாண்டு ஆகஸ்டில் மாநிலத்துக்கு ஏறத்தாழ 70 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

மொத்தம் 100 மதிப்பெண். ஆசிரியர் பாடம் நடத்துவதை வகுப்பறையில் அமர்ந்து பார்ப்பது முதலியவற்றுக்கு 60, மாநிலத் தேர்வில் மாணவர் கண்ட முன்னேற்றத்துக்கு 20, மாணவர் கற்றலை அளக்க உள்ளூரில் தேர்ந்தெடுக்கும் அளவைக்கு 20. மொத்தத்தில் 91-உம் அதற்கு மேலும் பெற்றவர் ‘மிகத் திறமையானவர்’, 75 முதல் 90 வரை ‘திறமையானவர்’, 65 முதல் 74 வரை ‘வளர்ந்து வருபவர்’, அதற்கும் கீழே ‘திறனற்றவர்’. கடைசி இரு வகையினருக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதித் தரப்பட வேண்டும். தொடர்ந்து 2 ஆண்டுகள் ‘திறனற்றவர்’ என்று வந்தால், விரைவு விசாரணை நடத்திப் பணிநீக்கம் செய்யவும் வழி இருந்தது.

ஆசிரியர்களின் மனத்தை அரித்தது மாநிலத் தேர்வுக்கான அந்த 20 மதிப்பெண்தான். முந்தைய தேர்வுகளில் ஒரே நிலையில் இருந்த மாணவர்களை மாநிலம் முழுவதிலுமிருந்து எடுத்து, இவ்வாண்டு அவர்களுள் யார் முந்தினார், யார் பின்தங்கினார் என்று வரிசைப்படுத்தி, ஒரு வகுப்பு மாணவர்கள் பெற்ற இடங்களின் சராசரியை அவ்வகுப்பு ஆசிரியரின் கணக்கில் எழுதினார்கள். வரிசை என்று வந்துவிட்டால், எல்லோருமே நன்றாகக் கற்பித்த ஆண்டிலும் யாரோ சிலர் அடியில் நின்றுதான் ஆக வேண்டும். முன்பே உயர்ந்த மதிப்பெண் எடுக்கும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் மேலும் ஏறிக் காட்டவும் அதிக இடமில்லை.

லாங் ஐலண்டின் கிரேட் நெக் பகுதியில் நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவருக்கு நேர்ந்தது இதற்குச் சான்று. 2012–13-இல் 20-க்கு 14 பெற்ற அவர் மறு ஆண்டில் 20-க்கு 1 பெற்றார். மற்ற பகுதிகளில் நல்ல மதிப்பெண் இருந்ததால் மொத்தத்தில் அவர் ‘திறமையானவர்’ என்றே வகைப்படுத்தப்பட்டார், வேலைக்கு ஆபத்தில்லை. ஆனாலும் அவர் நீதிமன்றத்துக்குப் போனார் என்பதை, ஆசிரியர்களின் ஊக்கம் குறைவதற்குச் சம்பளமும் வேலை நிரந்தரமும் மட்டுமே காரணம் என்று பேசுவோர் கவனிக்க வேண்டும். 2016 மே மாதம் மாநிலத் தலைநகரான ஆல்பனியில் உள்ள நீதிமன்றம், அந்த மதிப்பெண் காரணமற்றது, மனம்போனபடி அமைந்தது என்று கூறி ரத்து செய்தது. தீர்ப்பு அவர் ஒருவரை மட்டுமே சார்ந்தது.

இந்த மதிப்பெண் 4 முதல் 8 வரையான வகுப்புகளின் ஆங்கில, கணித ஆசிரியர்களுக்கே நேரடியாகப் பொருந்தியது. மற்றவர்களுக்கு வேறு அளவைகளைத் தேட வேண்டியிருந்தது. மதிப்பெண் போட வேண்டிய தலைமை ஆசிரியர்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இம்முறையை எதிர்த்துக் கடிதத்தில் கையெழுத்திட்டனர். 2015-இல், தேர்வெழுத வேண்டிய மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் தேர்வைப் புறக்கணித்தனர். ஆசிரியரை அளக்கும் கோலாகத் தங்கள் பிள்ளையின் தேர்வு ஆகிவிட்டது என்ற பெற்றோரின் சினமும் அதற்கு ஒரு காரணம்.

அவ்வாண்டு டிசம்பரில் மாநிலத் தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் எடுப்பது நிறுத்திவைக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கட்டாயத்தையே நீக்கியது. 2024-இல் வந்த சட்டப்படி, ஒவ்வொரு கல்வி மாவட்டமும் தன் ஆசிரியர் சங்கத்துடன் பேசிப் புதிய மதிப்பீட்டு முறையை வகுத்துக்கொள்ள 2031–32 கல்வியாண்டு வரை அவகாசம் உண்டு. அதற்கு மாநிலக் கல்வித் துறையின் ஒப்புதல் கிடைக்கும்வரை, அந்த மாவட்டத்தில் இப்போதுள்ள மதிப்பீட்டு முறையே தொடரும்.