சொல் விளக்கம்: ஃபோர்ஸ் அக்கவுண்ட் – தன்னாள் பணி

அமெரிக்க விமான நிலைய மானிய ஆவணங்களில் ‘ஃபோர்ஸ் அக்கவுண்ட்’ என்றொரு தொடர் வரும். அகராதியை மட்டும் நம்பினால் ‘படைக் கணக்கு’, ‘விசைக் கணக்கு’, ‘கட்டாயக் கணக்கு’ என்று எதுவும் கிடைக்கும். மூன்றும் தவறு.

இங்கே ‘ஃபோர்ஸ்’ என்றால் ஆள்பலம். போலீஸ் ஃபோர்ஸ், லேபர் ஃபோர்ஸ் என்பதில் வரும் அதே பொருள். ‘அக்கவுண்ட்’ என்பது செலவு எழுதும் கணக்குத் தலைப்பு. ஒப்பந்தக்காரருக்கு விடாமல், தன்னிடம் ஏற்கெனவே சம்பளம் வாங்கும் ஆட்களையும் தன் சொந்த இயந்திரங்களையும் கொண்டு நிலைய நிர்வாகமே ஒரு கட்டுமான வேலையைச் செய்து, ஆன செலவை மானியக் கணக்கில் எழுதுவதுதான் ஃபோர்ஸ் அக்கவுண்ட். பொறியியல், வரைபட வேலைகளைச் சொந்தப் பொறியாளர்களே செய்தாலும் இதே பெயர்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அணை, கால்வாய் வேலைகளில் இந்த முறை வேரூன்றிவிட்டது. கொலராடோவின் கன்னிசன் சுரங்கக் கால்வாயை எடுத்த ஒப்பந்தக்காரர் 1905-இல் கைவிட்டபோது, கூட்டாட்சி அரசின் பாசனத் துறையே ஆட்களை அமர்த்தித் தோண்டி 1909-இல் திறந்தது. 1908 முதல் 1913 வரை கட்டிய லாஸ் ஏஞ்சலஸ் நீர்வழியின் பெரும்பகுதியும் நகராட்சியின் சொந்த ஆட்கள் செய்ததே. பெரும் வேலையின்மைக் காலத்தில் 1935-இல் வந்த டபிள்யூ.பி.ஏ. என்ற நிவாரணப் பணி அமைப்பு ஒப்பந்தம் விடாமல் நேரடியாகக் கூலி கொடுத்தே பெரும்பாலான வேலைகளை நடத்தியது. அதன் பணத்தாலும் ஆட்களாலும் எழுந்தவற்றில் ஒன்று, 1939-இல் திறந்த நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையம். 1946-இன் கூட்டாட்சி விமான நிலையச் சட்டம், அதன்பின் 1970, 1982 சட்டங்கள் வந்து மானியம் வேறு வடிவம் எடுத்தது. சொல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. இப்போது நடப்பது 1982 சட்டத்தில் பிறந்த ஏ.ஐ.பி. என்னும் விமான நிலைய மேம்பாட்டுத் திட்டம். பயணிகள் மிகுந்த பெரிய, நடுத்தர மைய நிலையங்களுக்கு (ஹப்), தகுதியான செலவில் 75 விழுக்காடும், சிறியவற்றுக்குப் பொதுவாக 90 விழுக்காடும், அதற்கு மேலும்கூட, கூட்டாட்சி அரசு தரும்.

மொழிபெயர்ப்பாளர் கவனிக்கவேண்டிய பொறி ஒன்று உண்டு. சாலைத் துறையில் இதே சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது. ஒப்பந்த வேலைக்கு நடுவே எதிர்பாராத கூடுதல் வேலை வந்து அதற்கு விலை ஒத்துக்கொள்ள முடியாதபோது, ஆள், இயந்திரம், பொருள் மூன்றுக்கும் ஆன செலவோடு மேல்செலவும் இலாபமும் சேர்த்து ஒப்பந்தக்காரருக்கே கொடுப்பது. அங்கே வேலை செய்பவர் வெளியாள். ‘தன் ஆட்கள்’ என்று மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகும். இரண்டுக்கும் பொதுவானது, செலவு நடந்தபின் கணக்கிடப்படும் முறை மட்டுமே.

‘அக்கவுண்ட்’ என்ற பாதியை நாம் மதிப்பதில்லை. உண்மையில் இந்த முறையின் உயிர் அங்கேதான். ஒப்பந்தத்தில் போட்டி விலை முன்னால் வருகிறது, வேலை பின்னால் வருகிறது. இங்கே வேலை முன்னால், விலை பின்னால். பல ஒப்பந்தப்புள்ளிகளை ஒப்பிட்டு ‘இது நியாயமான விலை’ என்று சொல்ல வழியில்லாததால், அன்றாடம் எழுதிய பதிவேடே விலையாக நிற்கிறது. பதிவேடு பொய்த்தால் விலையும் பொய்.

அதனால்தான் மானியம் தரும் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் முன் ஒப்புதல் வேண்டும். வேலையைத் தொடங்கிவிட்டுக் கேட்டால் மானியம் கைவிட்டுப் போகலாம். வட்டார அலுவலகத்துக்குக் கொடுக்கும் முன்மொழிவில் ஏன் ஒப்பந்தம் விடவில்லை, என்ன வேலை, எத்தனை ஆள்மணி, எந்த இயந்திரம் எத்தனை மணி, பொருள் எவ்வளவு, ஒப்பந்தம் விட்டால் ஆகும் செலவு என்ன, ஆட்களுக்கு இந்த வேலையில் முன் அனுபவம் உண்டா, அன்றாடப் பராமரிப்பு கெடாமல் இவர்களை எப்படி விடுவிப்பது, தரச் சோதனை யார் செய்வார் என்பனவெல்லாம் இருக்கவேண்டும். ‘எங்களிடம் ஆள் சும்மா இருக்கிறது’ என்பது காரணமாகாது. மலிவு, அவசரம், வெளியாள் கிடைக்காத தொலைதூரம் போன்ற ஒன்றை எண்ணிக்கையோடு காட்டவேண்டும். மாநிலச் சட்டமும் குறுக்கே வரும். ஒஹாயோவில் இந்தப் பெயரிலேயே டாலர் வரம்புகள் உள்ளன. மாநிலத் தணிக்கையாளர் அவற்றைச் சோதிப்பார்.

வேலி போடுதல், மண் சமப்படுத்தல், சிறு வடிகால், மரம் வெட்டுதல், ஓடுபாதை ஓரவிளக்கு மாற்றம், சிறு நிலையங்களில் தளவிரிசல் அடைப்பு ஆகியவை இந்த முறைக்கு ஒத்துவரும். ஓடுபாதைக்குச் சூடான தார்க்கலவை விரிப்பது பொதுவாக ஒத்துவராது. அதற்கான எஃப்.ஏ.ஏ.வின் பி-401 விவரக்குறிப்பு, போட்ட தளத்தில் எத்தனை விழுக்காடு வரம்புக்குள் இருக்கிறது என்று புள்ளியியல் முறையில் அளந்து பணம் கொடுக்கிறது. கலவைத் தொழிற்கூடமும் பழகிய குழுவும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. எதைச் செய்தாலும் விவரக்குறிப்பு தளராது. கம்பி வலை வேலிக்கு எஃப்-162, ஓடுபாதைக் குறிகளுக்கு பி-620 ஒப்பந்தக்காரருக்குப் போலவே இவர்களுக்கும் பொருந்தும். வேலை செய்த மேற்பார்வையாளரே சோதித்து ஏற்றுக்கொள்ளவும் கூடாது.

கூலிக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். மணிக்கு 28 டாலர் சம்பளம், அதன்மேல் காப்பீடு, ஓய்வூதியம், விடுப்பு முதலிய பயன்கள் 40 விழுக்காடு என்று கொண்டால் ஒரு மணிக்கு 39.20 டாலர். நான்கு பேர், 12 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 384 ஆள்மணி. கூலி 15,052.80 டாலர். விடுப்பு ஏற்கெனவே அந்த 40-க்குள் இருக்கிறது. விடுப்பு எடுத்த நாளையும் தனியாக எழுதினால் இரட்டைக் கணக்கு. ஆரம்ப மதிப்பீட்டிலிருந்த மணிகளை அப்படியே இறுதிப் பட்டியலில் நகலெடுப்பது இதைவிடப் பெரிய தவறு. கூட்டாட்சி விதித்தொகுப்பின் 2-ஆம் தலைப்பு 200-ஆம் பகுதி, உண்மையில் செய்த வேலையின் பதிவைக் கேட்கிறது. மதிப்பீடு அதற்கு ஈடாகாது.

இயந்திரத்தில்தான் அதிகம் வழுக்கும். நிர்வாகம் மண் சமப்படுத்தும் தன் கிரேடரைத் தனக்கே வாடகைக்கு விட்டு இலாபம் பார்க்க முடியாது. ஓடிய மணிக்கு, ஒப்புக்கொண்ட விகிதத்தில், செலவு மட்டும். அந்த விகிதத்துக்குள் எரிபொருளும் பராமரிப்பும் அடங்கியிருந்தால் டீசல் ரசீதைச் சேர்க்கக்கூடாது. பழைய மானியத்தில் வாங்கிய டிப்பரோ பனி அள்ளும் வண்டியோ என்றால், கூட்டாட்சி அரசு கொடுத்த பங்குக்குத் தேய்மானம் எழுத முடியாது. ஒருமுறை கொடுத்த பணத்தை அரசு இன்னொருமுறை தராது. ரோலர் 8 மணி ஓடியதாகவும் அதை ஓட்டியவர் 5 மணி வேலை செய்ததாகவும் இரண்டு பதிவேடுகள் சொன்னால், தணிக்கையாளரின் விரல் நேராக அந்த வரிக்குப் போகும். ஓட்டுநர் பெயர், இயந்திர எண், வேலைக் குறியீடு, மணி ஆகியவற்றை ஒரே தாளில் அன்றே எழுதி அன்றே கையெழுத்து வாங்குவதுதான் இதற்கு மருந்து.

அந்தந்த வட்டாரத்தில் நிலவும் கூலிக்குக் குறையாமல் கொடுக்கச் சொல்லும் டேவிஸ்-பேக்கன் சட்டத்தின் விதி நகராட்சி ஊழியர்களுக்குப் பொருந்தாது. ஆனால் ஒரு பகுதியை வெளியாருக்கு விட்டால், 2,000 டாலரைத் தாண்டிய அந்த ஒப்பந்தத்துக்கு அது பொருந்தும். பொருள் வாங்குவதற்குப் போட்டி விதிகளும், எஃகுக்கும் தொழிற்சாலைப் பொருளுக்கும் அமெரிக்கத் தயாரிப்பு விதியும் எப்போதும் உண்டு.

இனி தமிழ். நம் பக்கம் இதற்குப் பழைய சொல் ஒன்று இருந்தது: அமானி. சென்னை மாகாண வருவாய்க் கணக்கில் அமானி நிலம் என்றால் குத்தகைக்கு விடாமல் சர்க்காரே நேரடியாக நிர்வகித்த நிலம். அதே சொல் காண்டிராக்ட் விடாமல் தினக்கூலி ஆட்களை வைத்துச் செய்யும் வேலைக்கும் வழங்கியது. நம்பி ஒப்படைத்த பொருள் என்ற அரபு மூலத்திலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. தமிழ் முஸ்லிம்கள் இன்றும் சொல்லும் ‘அமானிதம்’ இதன் உடன்பிறப்பு. நேபாளத்தின் 2007 பொதுக் கொள்முதல் சட்டத்தில் ஃபோர்ஸ் அக்கவுண்ட்டின் பெயர் இன்றைக்கும் ‘அமானத்’ தான். ஆங்கிலச் சொல் ஆள்பலத்தைப் பார்க்கிறது, இந்தச் சொல் நம்பிக்கையைப் பார்க்கிறது. பொருத்தத்தில் எனக்கு இதுவே மேல். ஆனால் இன்றைய வாசகருக்கு அடிக்குறிப்பு இல்லாமல் புரியாது.

‘துறை நேரடிப் பணி’ இந்திய அலுவலகங்களுக்குச் சரி. அமெரிக்க விமான நிலையங்கள் பெரும்பாலும் நகராட்சி, மாவட்டம், தனி ஆணையம் ஆகியவற்றின் கையில் இருப்பதால் ‘துறை’ அங்கே ஒட்டாது. ‘தன்னாள் பணி’ என்று வைக்கலாம். சுருக்கம், யார் செய்கிறார் என்பது தெளிவு, கூட்டுச்சொல்லுக்கும் வளையும்: தன்னாள் பணி முன்மொழிவு, தன்னாள் பணிப் பதிவேடு, தன்னாள் கூலி, தன்னியந்திரச் செலவு. சாலைத் துறையின் இரண்டாம் பொருளுக்கு ‘ஆனசெலவுப் பணி’ என்று தனிச்சொல் வேண்டும்.

‘ஓடுதளத்தின் கிழக்கு வேலியை நிர்வாகம் தன்னாள் பணியாகச் செய்ய எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் அளித்தது’ என்று எழுதலாம். ‘பாறை தட்டுப்பட்ட இடத்தில் ஒப்பந்தக்காரருக்கு ஆனசெலவுப் பணியாகப் பணம் தரப்பட்டது’ என்பது மற்றது. மூல ஆவணத்தில் எது என்று தெரியாவிட்டால், பணத்தை யார் பெறுகிறார் என்று பாருங்கள். நிர்வாகமே பெற்றால் முன்னது, ஒப்பந்தக்காரர் பெற்றால் பின்னது.