மூன்று வாரப் பழைய ‘நெகட்டிவ்’

2020 மே மாதக் கடைசி. கலிஃபோர்னியாவின் தெற்கே, சீனோ என்ற ஊரில் உள்ள சிறையில் கொரோனா பரவிக்கொண்டிருந்தது. நோய் முற்ற வாய்ப்புள்ள கைதிகளை அங்கிருந்து தப்பவைக்க, 122 பேரைப் பேருந்தில் ஏற்றி வடக்கே சான் குவென்டின் சிறைக்கு அனுப்பினார்கள். நல்ல எண்ணம்தான். சான் குவென்டினில் அதுவரை ஒரு கைதிக்கும் தொற்று உறுதியாகவில்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் 2,237 கைதிகளுக்கும் 277 ஊழியர்களுக்கும் தொற்றிவிட்டது. 28 கைதிகளும் ஓர் ஊழியரும் இறந்துபோனார்கள்.

பேருந்தில் ஏறியவர்களிடம் ‘நெகட்டிவ்’ என்ற முடிவு இருந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு மாதிரி எடுத்து மூன்று, நான்கு வாரம் ஆகியிருந்தது. மூன்று வாரம் முன்பு அடித்த வெயிலை நம்பி இன்று யாராவது வடாம் பிழிவார்களா?

பிசிஆர் பரிசோதனை மட்டமானதல்ல. மூக்கிலிருந்து குச்சியால் எடுத்த சளியில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ இருந்தால், அதை டிஎன்ஏவாக மாற்றி, சூடாக்கி, ஆறவைத்து, சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும். 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும். ஆனால் இரட்டிப்பாக்க அந்த ஒன்றாவது குச்சியில் ஒட்ட வேண்டுமே! தொற்றிய முதல் ஓரிரு நாளில் மூக்கில் வைரஸ் அவ்வளவாகப் பெருகியிருக்காது. குச்சி உள்ளே போன நேரத்தில் வைரஸ் அகப்படவில்லை. ‘நெகட்டிவ்’ என்றால் அவ்வளவுதான்.

சான் குவென்டின் 1852இல் தொடங்கிய சிறை. ஐந்து அடுக்குகளாக அறைகள், பல அறைகளுக்குக் கதவு என்பது வெறும் கம்பிதான். 50 சதுர அடிக்கும் குறைவான இடத்தில் இரண்டு பேர். கீழே ஒருவர் இருமினால் மேல் அடுக்குக்கும் காற்று போகும். ஜூன் நடுவில் பல்கலைக்கழக மருத்துவர்கள் போய்ப் பார்த்தபோது, முடிவு வருவதற்கே ஐந்தாறு நாள் ஆகிக்கொண்டிருந்தது. தொற்றியவர் அதிகமாகப் பரப்பும் நாட்கள் அதற்குள் பாதிக்கு மேல் ஓடிவிடும். இப்படிப்பட்ட இடத்தில், கொஞ்சம் துல்லியம் குறைந்தாலும் வைரஸின் புரதத்தைத் தேடிக் கால் மணி நேரத்தில் பதில் சொல்லும் ஆன்டிஜென் அட்டையை அடிக்கடி பயன்படுத்துவதே மேல் என்பேன். அது பரவலாகக் கைக்கு வந்தது பின்னால்தான்.

செலவைக் குறைக்க ஒரு பழைய வழி உண்டு. 1943இல் ராபர்ட் டார்ஃப்மன் என்ற பொருளியலாளர், அமெரிக்கப் படைக்கு ஆள் எடுக்கும்போது சிபிலிஸ் என்ற பால்வினை நோயைக் கண்டுபிடிக்கச் சொன்ன யோசனை அது. பத்துப் பேர் மாதிரியைக் கலந்து ஒரே பரிசோதனை. அதில் நோய் தெரிந்தால் மட்டும் அந்தப் பத்துப் பேரையும் தனித்தனியாகப் பார்ப்பது. நூற்றில் ஒருவருக்கு நோய் என்றால், 100 பேருக்கு ஏறக்குறைய 20 பரிசோதனை போதும். நூற்றில் 30 பேருக்குப் பரவிவிட்டால்? கிட்டத்தட்ட எல்லாக் கலவையிலும் நோய் தெரியும். கணக்கு 107 ஆகிவிடும். ஆளுக்கு ஒன்றாகச் செய்திருந்தாலே மிச்சம்.

அப்புறம் இன்னொரு சிக்கல், ஆய்வகத்தில் தீராதது. ‘பாசிட்டிவ்’ என்றால் தண்டனைக்கு வைக்கும் தனிக்கொட்டடியில் போட்டுவிடுவார்களோ என்ற பயம் கைதிகளுக்கு. அதனால் காய்ச்சலை மறைத்தார்கள், மூக்கை நீட்டவும் தயங்கினார்கள்.

இதைச் சுற்றிப் போக ஒரு வழி சாக்கடையில் இருக்கிறது. தொற்றியவர்களில் பலருடைய மலத்தில் வைரஸின் ஆர்என்ஏ வெளியேறும், அறிகுறி இல்லாவிட்டாலும்கூட. அட்லாண்டா சிறை ஒன்றில் 2021-22இல் இதைச் செய்து பார்த்தார்கள். கட்டுத்துணிச் சுருளைக் கயிற்றில் கட்டிக் கழிவுநீரில் தொங்கவிடுவார்கள். ஓடும் நீரிலிருந்து துணி மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். எடுத்துப் பிழிந்து, அந்த நீரைப் பிசிஆருக்கு அனுப்ப வேண்டியதுதான். 1940களில் இங்கிலாந்தில் பாராடைஃபாய்டு என்ற, டைஃபாய்டு போன்ற காய்ச்சல் வந்த வழியைத் தேட மூர் என்பவர் கையாண்ட அதே துணிதான் இது.

யாருக்கு நோய் என்று துணி சொல்லாது. எந்தக் கட்டடத்துக் குழாயில் தெரிந்ததோ, அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் குச்சியோடு போகலாம். அதற்கு முதலில் எந்தக் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்ற வரைபடம் வேண்டும். பழைய சிறைகளில் அதைத் தேடி எடுப்பதே தனி வேலை.