மழையில் நனைந்த பைக் ஏன் கிளம்பவில்லை?

‘மழையில் நின்ற பைக் கிளம்பவில்லை. கழற்றிப் பார்த்தால் பொறி தரும் பிளக் பெட்ரோலில் ஊறியிருக்கிறது. என்ன கோளாறு?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெட்ரோல் உள்ளே போகிறது, பொறிதான் விழவில்லை. முதலில் இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்சையும் ஃப்யூஸையும் பார்த்துவிடுங்கள்.

பாட்டரி தருவது 12 வோல்ட். பிளக் முனைகளின் இடைவெளி ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர், அதைத் தாண்டப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். மின்னழுத்தத்தை உயர்த்தும் இக்னிஷன் காயிலுக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள். இரண்டாவதில் சுமார் நூறு மடங்கு அதிகக் கம்பிச்சுற்று. நூறால் பெருக்கினாலும் 1,200 வோல்ட்தானே வரும்? மீதி எங்கிருந்து?

மின்சாரத்தைத் துண்டிக்கும் கணத்திலிருந்து! ஃபாரடே 1831இல் கண்ட விதி இது: காந்தப்புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ, அவ்வளவு மின்னழுத்தம் பிறக்கும். முதல் சுருளில் ஓடும் மின்சாரம்தான் காந்தப்புலத்தைத் தாங்கி நிற்கிறது; ஓட்டம் சட்டென்று அறுந்ததும் புலம் சரிகிறது. முதல் சுருளிலேயே முந்நூறு வோல்ட் எகிறுகிறது. அது இரண்டாவதில் நூறு மடங்கானால் முப்பதாயிரம். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. பழைய அம்பாசடரில் ‘பாயின்ட்’ என்ற தொடுமுனை விலகி ஓட்டத்தை அறுக்கும். பக்கத்திலிருக்கும் சிறு கன்டென்சர் (மின்தேக்கி) கெட்டால் பாயின்ட்டிலேயே பொறி பறக்கும்; ஓட்டம் மெதுவாகச் சாகும்; வண்டி கிளம்பாது. இன்று அந்த வேலையை டிரான்சிஸ்டர் செய்கிறது. சிடிஐ என்ற மின்தேக்கி இக்னிஷன் உள்ள பைக்குகளில் வழி வேறு: மின்தேக்கியில் சேர்த்த சில நூறு வோல்ட்டைக் காயிலுக்குள் ஒரேயடியாகக் கொட்டுவார்கள்.

பள்ளிகளில் இந்த விதியைச் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஆய்வகத்துக்கு ஒரு பழைய காயில் வாங்கக்கூடப் பணம் ஒதுக்காதது எனக்குப் பொறுக்கவில்லை.

மழைக்கு வருவோம். அத்தனை உயர்ந்த மின்னழுத்தம் சுலபமான வழி கிடைத்தால் விடாது. பிளக்கின் தலையில் மாட்டும் கேப்பில் மயிரிழை விரிசல், அதில் ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் போதும். மின்சாரம் இன்ஜின் உடம்புக்குக் கசிந்துவிடும். இருட்டில் பார்த்தால் கேப்பின் மேல் நீலக்கோடு ஊர்வதே தெரியும். துடைத்து உலர்த்துங்கள், விரிசல் இருந்தால் கேப்பை மாற்றுங்கள்.

பிளக்கை வெளியே வைத்துப் பொறி பார்க்கும்போது அதன் உலோகம் இன்ஜினைத் தொட்டிருக்கட்டும். கையால் பிடிக்காதீர்கள், பெட்ரோல் ஆவி வரும் துளைக்கு அருகில் வைக்காதீர்கள். வெளியே பொறி வந்தாலும் நம்பிவிட முடியாது. சிலிண்டருக்குள் காற்று பல மடங்கு அழுந்தியிருக்கும். அடர்ந்த காற்றைத் துளைக்க மின்னழுத்தம் இன்னும் அதிகம் வேண்டும். வெளியே மெலிதாகச் சிவந்து தெரியும் பொறி உள்ளே அணைந்துபோகும். ‘சட்’டென்ற ஒலியோடு நீல வெண்மையாக விழ வேண்டும். குளிர்ந்தபோது கிளம்பி, சூடேறியதும் நின்றுபோகும் வண்டியில் காயிலையும் சந்தேகியுங்கள். சூட்டில் அதன் மின்காப்பு பலவீனமாகியிருக்கலாம்.