கேட்பு நோட்டீஸ் வந்த பிறகு வராதீர்கள்

ஒவ்வொரு ஏப்ரலிலும் அக்டோபரிலும் நகராட்சி வரி வசூல் மையத்தில் கேட்கும் சத்தம் இது: "யாரைக் கேட்டு சொத்து வரியை ஏத்துனீங்க?" உங்களைத்தான் கேட்டார்கள். டெண்டர் அறிவிப்புகளுக்கு நடுவே நாளிதழில் ஒரு விளம்பரம் வந்தது. அதன் நகல் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. தீர்மான எண், தேதி, புதிய வீதம், "ஆட்சேபணை இருப்பின் முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்" என்ற வரி, எல்லாம் அதில் இருந்தன. அந்த முப்பது நாளில் வரும் மனுக்களைப் பல ஊர்களில் விரல்விட்டு எண்ணிவிடலாம். இறுதித் தீர்மானம் நிறைவேறி மூன்று வாரம் கழித்து, ஒரே வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கையெழுத்துப் போட்ட கட்டு வந்து சேரும். இன்னும் எத்தனை முறை இதைப் பார்ப்பது?

ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு ரூபாய் குறைக்கவும் அதிகாரம் கிடையாது. தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள்.

மக்கள் திரும்பத் திரும்பக் குழப்பிக்கொள்ளும் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வரி வீதம் வேறு, உங்கள் வீட்டின் வரி மதிப்பீடு வேறு. வீதம் என்பது நகராட்சி மன்றம் ஊர் முழுக்கப் பொதுவாக வைக்கும் தீர்மானம்: எந்த மண்டலத்தில் சதுர அடிக்கு எவ்வளவு, குடியிருப்புக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு. மதிப்பீடு என்பது அந்த வீதத்தை உங்கள் கட்டடத்தின் பரப்பு, பயன்பாடு, வகை, வயது ஆகியவற்றோடு சேர்த்துப் போடும் கணக்கு. வீதத்தைப் பற்றிய ஆட்சேபணையை மன்றம் முடிவெடுக்கும் முன்பு ஆணையருக்குத் தரவேண்டும். மதிப்பீட்டில் தவறு என்றால் முதலில் ஆணையரிடம் மறு ஆய்வு மனு, பிறகு மேல்முறையீடு. பொது அறிவிப்பின் மீதான ஆட்சேபணையில் "என் வீட்டில் மாடி கிடையாது, மாடிக்கும் வரி போட்டிருக்கிறார்கள்" என்று எழுதினால் அந்த மனு மன்றத்தின் முன் நிற்காது. மதிப்பீட்டு மனுவில் "விலைவாசி ஏறிவிட்டது, வரி வீதம் அதிகம்" என்று எழுதினால் அதுவும் நிற்காது. இரண்டுமே நியாயமான குறைகள்தான். கதவு மாறித் தட்டியதால் இரண்டும் வீணாகின்றன.

2022 ஏப்ரலில் நடந்த உயர்வையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சென்னை தவிர்த்த நகர்ப்புற உள்ளாட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம், வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம் என்று உயர்த்தப்பட்டது. 50 சதவீதம் என்றால் வீட்டு மதிப்பில் பாதி வரியாகப் போய்விடும் என்று பதறியவர்கள் ஏராளம். அப்படியல்ல. பழைய வரியின் மேல் பாதி. அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டியவர் 600 கட்டவேண்டும். சரி, இந்த 400 ரூபாய் வீடு வெளிச்சுவர் அளவில் 598 சதுர அடியாக இருந்து, பதிவேட்டில் 604 என்று ஏறியிருந்தால்? 500 கட்டவேண்டியவர் 600 கட்டுகிறார், அதுவும் ஒவ்வொரு அரையாண்டும். ஆறு சதுர அடி! இதைச் சரிசெய்ய மறியல் தேவையில்லை. பில் கலெக்டர் என்று நாம் இன்னும் பழக்கத்தில் அழைக்கும் வருவாய் உதவியாளரை வரவழைத்து, அளவு நாடா பிடித்து, மறு ஆய்வு மனுவோடு கட்டட வரைபட நகலை இணைத்தால் போதும். ஆனால் இந்த வீட்டுக்காரர்தான் வீத உயர்வை எதிர்த்து முழக்கமிட்டுவிட்டு, தன் பதிவேட்டை ஒருமுறைகூடப் பார்க்காமல் போகிறார்.

வீதத்துக்கு எதிராக வலுவான ஆட்சேபணை எது? "ஏழைகள் பாதிக்கப்படுவார்கள்" என்ற பொது வாசகத்தைப் பரிசீலித்ததாக ஒரு வரி எழுதிவிட்டு மன்றம் கடந்துபோக முடியும். "தீர்மானத்தின் அட்டவணையில் எங்கள் தெரு வீதம் அதிகமான முதல் மண்டலத்தில் இருக்கிறது. தெருவின் அகலம் பத்தடி. பாதாள சாக்கடை இணைப்பு இல்லை. இதே அகலமும் வசதியும் உள்ள அடுத்த தெரு மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது. எங்களையும் அதில் சேர்க்க வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்லாமல் கடக்க முடியாது. மனுவில் தீர்மான எண், தேதி, வார்டு, தெரு, உங்கள் வரிவிதிப்பு எண் இருக்கட்டும். மாற்றாக நீங்கள் கேட்பது என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அஞ்சலில் என்றால் பெற்றுக்கொண்டதற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்ட். இருநூறு பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்திட்டால் அது ஒரே காரணமாகத்தான் படிக்கப்படும். பத்துத் தெருக்காரர்கள் பத்து வேறு காரணம் எழுதினால் பத்துக்கும் பதில் வேண்டும்.

ஆட்சேபணை கொடுத்துவிட்டோம் என்று வரி கட்டாமல் இருக்காதீர்கள். அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீத வட்டி. தேர்தல் வந்தால் தள்ளுபடி வரும் என்று காத்திருந்தவர்கள் வட்டியோடுதான் கட்டினார்கள்.

இனி வரவு செலவுத் திட்டம். அது புத்தகமாகக் கைக்கு வந்தால் பெரும்பாலானோர் கடைசிப் பக்கத்தில் உபரியா பற்றாக்குறையா என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்த ஒரு எண்ணை வைத்து நகராட்சியின் நிலையைச் சொல்லவே முடியாது. நகராட்சிக்கு ஒரே பெட்டி கிடையாது, மூன்று பெட்டிகள்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. நீங்கள் கட்டும் சொத்து வரியே இந்த மூன்றுக்கும் பிரிந்துதான் போகிறது. கல்வி நிதியில் பணம் இருக்கிறதே, அதை எடுத்து ரோடு போடலாமே என்று கேட்டால் போட முடியாது. வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் வசூலாகும் நூலக வரி நகராட்சியின் பணமே அல்ல, நூலக ஆணைக்குழுவுக்குச் சேரவேண்டியது. மானியத்துக்கும் கட்டு உண்டு. 2021-26 காலத்துக்கான 15-ஆவது நிதி ஆணைய மானியத்தில் சிறு நகரங்களுக்கான பங்கில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று இருந்தது.

புத்தகத்தில் பார்க்கவேண்டிய பக்கம் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியல். ஒரு நகராட்சியின் சொத்து வரிக் கேட்பு, அதாவது அந்த ஆண்டில் வரவேண்டிய மொத்த வரி, 6 கோடி என்று வைத்துக்கொள்வோம். கடந்த மூன்று ஆண்டாக வசூல் 70 சதவீதத்தைத் தாண்டவில்லை, அதாவது 4 கோடியே 20 லட்சம். வரும் ஆண்டுக்கு மட்டும் 95 சதவீதம் வசூலாகும் என்று 5 கோடியே 70 லட்சம் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒன்றரைக் கோடி வராத பணம். அதை நம்பிச் சாலை, மழைநீர் வடிகால், பூங்கா என்று எழுதியாகிவிட்டது. ஆண்டு நடுவில் பணம் இல்லை என்றானதும் சம்பளத்தை நிறுத்த முடியாது. ஆகவே நீரேற்று நிலைய மின்கட்டணமும், கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்காகக் குடிநீர் வடிகால் வாரியத்துக்குத் தரவேண்டியதும், ஒப்பந்தக்காரர் பில்லும் நிலுவையில் விழும். உங்கள் தெரு விளக்கு மூன்று மாதமாக எரியாததன் காரணம் பல நேரம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே பூங்காவுக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், சென்ற ஆண்டின் வரவு செலவு மதிப்பீடு, அதைத் திருத்திய மதிப்பீடு, உண்மைக் கணக்கு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தத் தலைப்பில் எழுதியதற்கும் நடந்ததற்கும் பாதிக்கு மேல் இடைவெளி இருக்கிறதோ அந்தத் தலைப்பைப் பற்றிக் கேளுங்கள்.

புத்தகம் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். பதிலுக்கு முப்பது நாள் அவகாசம் என்பதால் பிப்ரவரியில் எழுதிப் பயனில்லை, நவம்பரில் எழுதுங்கள். உண்மையில் வரவு செலவு விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிடவேண்டும் என்று அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. மனுவில் அந்தப் பிரிவையும் குறிப்பிடுங்கள்.

வார்டுக்குள் பகுதி பகுதியாக வாக்காளர்களைக் கூட்டும் பகுதி சபைக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 2022-இல் விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று கூட்டங்கள் நடந்தன. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அந்தப் பகுதியின் வாக்காளர் யாரும் வரலாம். கூட்டம் நிரம்புவது ஏப்ரல் 14 அன்று. ஆனால் நிதியாண்டு ஏப்ரல் 1 அன்றே தொடங்கிவிட்டது, ஒதுக்கீடு முடிந்துவிட்டது. அன்று கேட்கும் வடிகாலுக்கு அடுத்த ஆண்டுப் புத்தகத்தில்தான் இடம். பணம் பங்கிடப்படும் முன் வருவது டிசம்பர் 10-உம் ஜனவரி 25-உம். அந்த இரண்டு நாளிலும் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன.

கேட்பதையும் அளவோடு கேளுங்கள். "எங்கள் ஏரியாவுக்கு வசதி செய்யவேண்டும்" என்று எழுதினால் பொறியாளருக்கு மதிப்பீடு போட எதுவும் இல்லை. "பிள்ளையார் கோயில் முதல் மேல்நிலைத் தொட்டி வரை 140 மீட்டர், ஒரு பக்கம் மட்டும் திறந்த வடிகால், கடைசி 30 மீட்டரில் சாய்வு தலைகீழாக இருப்பதால் தண்ணீர் தேங்குகிறது" என்று எழுதினால் அடுத்த நாளே அளக்கப் போகலாம். கூட்டம் முடிந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பாதீர்கள். நடவடிக்கைக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, உங்கள் தெருவின் பெயரும் அந்த 140 மீட்டரும் அதில் ஏறியிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். ஏறவில்லை என்றால் அங்கேயே, வார்டு கவுன்சிலர் எழுந்து போவதற்குள், எழுதச் சொல்லுங்கள்.