நல்ல நம்பர் வரும்வரை அளக்காதீர்கள்

போன மாதம் ஒரு நள்ளிரவில், நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை வலிப்போடு கொண்டுவந்தார்கள். குழந்தை பிறந்து ஆறாவது நாள். பிரஷர் 180/116. வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, பிரஷரை இறக்கி, விடிவதற்குள் கண் திறந்துவிட்டாள். இப்போது தாயும் பிள்ளையும் நலம். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்த வீட்டில் பிரஷர் மிஷின் இருந்தது. காலையும் மாலையும் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் நம்பர் வந்துகொண்டும் இருந்தது. அன்று மாலை வந்தது 138/88.

மிஷினின் மெமரியைத் தட்டிப் பார்த்தேன். அந்த மாலை மட்டும் ஏழு முறை அளந்திருக்கிறார்கள். முதலில் 158/104. அடுத்து 156/102. ஏழாவதுதான் எங்களுக்கு வந்த நம்பர். "அதிகமா காட்டுச்சு டாக்டரம்மா, மிஷின்தான் சரியில்லையோன்னு நெனச்சோம். திரும்ப அட்மிஷன் போட்டுடுவீங்களோன்னு பயம் வேற" என்றார் பெண்ணின் அம்மா. இப்படி நடப்பது முதல் தடவையும் அல்ல.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே நினைப்பு: 'பிள்ளை பிறந்தாச்சு, பிரஷரும் போயிருக்கும்.' போகாது. பிரசவம் ஆனதும் கொஞ்சம் இறங்கும். அப்புறம் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் மறுபடி ஏறி உச்சத்துக்குப் போகும். அதாவது, நாங்கள் டிஸ்சார்ஜ் கொடுத்து நீங்கள் தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. ஆறு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவர்களுக்கும் வரலாம். மறுபடியும் சொல்கிறேன்: கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவர்களுக்கும்.

நம் பக்கம் தலைக்கு ஊற்றுவதும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான். அன்று சாயங்காலம் தலை வலித்தால் 'நீர் கோத்துக்கிச்சு' என்று சுக்கைக் குழைத்து நெற்றியில் பற்றுப் போட்டுவிடுகிறோம். பற்றுப் போடுங்கள், நான் தடுக்கவில்லை. அதற்கு முன் பிரஷரைப் பாருங்கள். பாட்டிமார் 'பிரசவ ஜன்னி' என்று பயந்தார்களே, அதில் ஒரு பங்கு இந்த வலிப்பாகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் ஊர்களுக்கென்று ஒரு சிக்கல் வேறு. பிரசவம் புதுச்சேரியில், தாய்வீடு கடலூர் மாவட்டத்தில், மாமியார் வீடு பாகூரில். கேஸ் ஷீட் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். எந்த நர்ஸம்மா எந்த வீட்டுக்குப் போவார்? அதனால்தான் போனில் கேட்டு வாங்குகிறோம்.

அளப்பது எப்படி? மணிக்கட்டு மிஷின் வேண்டாம், மேல்கையில் கட்டுவது வாங்குங்கள். நைட்டியின் கைக்கு மேல் கட்டாதீர்கள். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, பேசாமல் அளக்க வேண்டும். பால் கொடுத்துக்கொண்டே அளப்பது கணக்கில் சேராது. பேட்டரி மாற்றினால் தேதியைச் சரி செய்யுங்கள். ஜனவரி 1 என்று வரும் போட்டோவை வைத்து நான் என்ன செய்வது? தினமும் 120/80 என்றே அனுப்பும் வீடுகளுக்கும் ஒரு கும்பிடு. அப்படி ஒரு உடம்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

140/90 தாண்டினால் போன் செய்யுங்கள். 150/100 என்றால் அன்றைக்கே வாருங்கள். 160/110 வந்தால் கால் மணி நேரத்தில் இன்னொரு தரம் மட்டும் பாருங்கள், இறங்கவில்லையென்றால் 108. தீராத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல் இருந்தால் நம்பர் எதுவானாலும் கிளம்பிவிடுங்கள்.

பிரஷர் மாத்திரையை 'பால் குடிக்கிற பிள்ளைக்கு ஆகாது' என்று நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. நிஃபெடிபின், லாபெட்டலால், எனாலப்ரில் எல்லாம் பால் கொடுப்பவர்களுக்கு என்று பார்த்துத்தான் எழுதுகிறோம். சுறாப்புட்டு தாராளமாகக் கொடுங்கள். கருவாட்டுக் குழம்பு மட்டும் கொஞ்ச நாள் பொறுக்கட்டும்.

முதலில் வந்த நம்பரையே அனுப்புங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டாவதையும் சேர்த்து அனுப்புங்கள், எது சரி என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எங்கள் சிஸ்டர் போனை எடுப்பார். இரண்டு வார்த்தை திட்டுவார், ஆனால் எடுப்பார்.