தைத்த விரலுக்கு ஏன் அட்டைப்பூச்சி விடுகிறார்கள்?

துண்டான விரலைத் திரும்பப் பொருத்தும்போது, இரத்தத்தை உள்ளே கொண்டுவரும் தமனியைத் தைப்பது கடினம். வெளியே கொண்டுபோகும் சிரையைத் தைப்பது அதைவிடக் கடினம். தமனியின் சுவர் தடிப்பானது, வெட்டிய பிறகும் வாய் திறந்து நிற்கும். சிரையின் சுவர் மெல்லியது, சுருங்கி ஒட்டிக்கொள்ளும். விரல்நுனியில் தைக்கத் தோதான சிரையே அகப்படாமல் போவதும் உண்டு. அப்போது விரலுக்குள் இரத்தம் வந்துகொண்டே இருக்கும், வெளியேற வழியிருக்காது. விரல் கருநீலமாகி வீங்கும். அழுத்திவிட்டால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் நிறம் திரும்பிவிடும். ஊசியால் குத்தினால் கறுத்த இரத்தம் சட்டென்று வரும். இதே தேக்கம் நீடித்தால் உள்ளழுத்தம் ஏறி, தமனி வழி வரும் இரத்தமும் நின்று, பொருத்திய பகுதி செத்துவிடும்.

மறுபடி திறந்து சிரையைச் சரிசெய்ய முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். முடியாதென்றால் அட்டை. இணைப்பைத் தாண்டிப் புதிய நுண்குழாய்கள் வளர ஏறக்குறைய 3 முதல் 7 நாள் பிடிக்கும். அதுவரை அட்டைதான் வடிகால். விரல் வெளிறிக் குளிர்ந்திருந்தால் சிக்கல் தமனியில் இருக்கிறது; அங்கே அட்டை விட்டு ஒரு பயனும் இல்லை. பல நேரம் அதுவே கடிக்க மறுக்கும், அந்த மறுப்பையும் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஓர் அட்டை குடிப்பது 5 முதல் 15 மில்லி வரைதான். உண்மையான வேலை அது விழுந்த பிறகு தொடங்குகிறது. மூன்று தாடைகளால் அது போட்ட முக்கிளைக் காயம் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள் முழுக்கக் கசியும். குடித்ததைவிடக் கசிவது அதிகம். காரணம் உமிழ்நீரிலுள்ள ஹிருடின். இரத்தம் உறைய த்ராம்பின் என்ற நொதி வேண்டும். ஹிருடின் அதை இறுகப் பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. உமிழ்நீரிலுள்ள வேறு பொருள்கள் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கின்றன, குழாய்களை விரிக்கின்றன. ‘கெட்ட இரத்தத்தை’ தேடிக் குடிக்கும் திறமை அட்டைக்குக் கிடையாது. இரத்தத்தை வெளியேற்றினால் நோய் தீரும் என்ற நம்பிக்கையில்தான் 1833ல் பிரான்ஸ் 4 கோடிக்கும் அதிகமான அட்டைகளை இறக்குமதி செய்தது.

விடும் முறை எளிது, ஆனால் கவனம் வேண்டும். தோலை வெறும் தண்ணீராலோ சலைன் என்ற உப்புக் கரைசலாலோ துடைக்க வேண்டும். ஸ்பிரிட் வாசனையோ சோப்பு வாசனையோ இருந்தால் அட்டை ஒட்டாது. சுற்றிலும் ஈரமான காஸ் துணியை வைத்து, கடிக்க வேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிடுவார்கள். கடிக்கத் தயங்கினால் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தம் வரவழைப்பார்கள். வயிறு நிறைந்ததும், பெரும்பாலும் 20 முதல் 45 நிமிடத்தில், தானே விழும். அதுவரை யாராவது பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்: நகர்ந்து காயத்துக்குள்ளோ, முகத்தில் என்றால் மூக்குக்குள்ளோ போய்விடும். விட்டது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று எண்ணுவது இதற்காகத்தான். பிடித்து இழுத்தால் தாடை தோலிலேயே தங்கலாம். உப்புத் தூவினால் குடித்ததைக் காயத்திலேயே கக்கும்.

கக்குவது ஏன் ஆபத்து? அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அட்டையைக் கொல்லாமல் இதை மட்டும் ஒழிப்பது எளிதல்ல. ஆகவே முதல் அட்டை விடும் முன்பே ஆன்டிபயாடிக் தொடங்கிவிட வேண்டும். ஆம்பிசிலின் இதனிடம் எடுபடாது. வழக்கமாகத் தருவது சிப்ரோஃப்ளாக்சசின். அதற்கும் மசியாத வகைகள் தென்பட்டிருப்பதால், அட்டை வைத்திருக்கும் தண்ணீரையே சில மருத்துவமனைகள் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புகின்றன. ஒருவருக்கு விட்ட அட்டையை இன்னொருவருக்கு விடக் கூடாது; ஆல்கஹாலில் கொன்று மருத்துவக் கழிவில் சேர்க்க வேண்டும்.

அடுத்த கவலை இரத்த இழப்பு. நாள்கணக்கில் கசியும்போது ஹீமோகுளோபின் இறங்கும், இரத்தம் ஏற்ற வேண்டிவருவது சாதாரணம். ஏற்றிக்கொள்ள மறுப்பவர்களுக்கும் நோய் எதிர்ப்பு குன்றியவர்களுக்கும் இந்தச் சிகிச்சை பொருந்தாது. கசிவு சீக்கிரமே நின்றுபோனால், கடிவாயில் படிந்த உறைவை, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தில் நனைத்த காஸால் துடைத்துவிடுவார்கள். விரலின் நீலம் மறையத் தொடங்கியதும் உடனே நிறுத்துவதில்லை. இரண்டு அட்டைக்கு இடையிலான நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், இடைவெளியில் நிறம் மறுபடி கறுக்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே நிறுத்துவார்கள்.